எழுத்தைப் படமாக்கிய திரை

கணினி பார்வையற்றோருக்கு முதலில் எட்டாமல் இருந்தது, தொழில்நுட்பம் வளர வளர மெல்லக் கைக்கு வந்தது என்றுதான் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். நடந்த வரலாறு வேறு. 1980களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்ற நிரலாளர்களும் அலுவலர்களும் கணினியில் அன்றாட வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மவுஸும் ஐகானும் விண்டோவும் கொண்ட திரை பரவத் தொடங்கியபோது, கைக்கு வந்திருந்த அந்தக் கருவி பறிபோனது. அதைத் திரும்பப் பெற ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயிற்று. ஏன் பறிபோனது, யார் மீட்டார்கள், அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்று செய்த தவறு இன்னும் வேறு வேறு உருவில் தொடர்கிறது.

பழைய எழுத்துத் திரையிலிருந்து தொடங்கலாம். ஐபிஎம் பிசியின் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. ஆக 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். ஒன்றில் எழுத்துக்குரிய எண் இருக்கும், மற்றதில் நிறம். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து திரையில் தெரிகிறதென்றால் நினைவகத்தில் 65 என்ற எண் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்த 4,000 பைட்டைப் படித்தால் திரை முழுவதையும் படித்ததாகிவிடும். படித்த எழுத்தைப் பேச்சாக்கும் கருவிக்கு அனுப்பிவிட்டால் போதும். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜிம் தாட்சர், பார்வையற்றவரான தம் சக ஆய்வாளர் ஜெஸ்ஸி ரைட்டோடு சேர்ந்து இந்த வழியில்தான் அந்தக் கணினியின் இயங்குதளமான டாஸுக்கான திரைவாசிப்பானை உருவாக்கினார். தாட்சரின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரும் அதே ரைட்தான்.

பேச்சுக் கருவிகள் தனிப்பெட்டியாகவோ கணினிக்குள் செருகும் அட்டையாகவோ வந்தன. ஆப்பிள் 2 வைத்திருந்தவர்கள் எக்கோ அட்டையைச் செருகிக்கொண்டார்கள். வசதியுள்ள அலுவலகங்கள் 1984இல் வந்த டெக்டாக்கை வாங்கின. எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் பல ஆண்டு ஆராய்ந்து கண்ட முறையில் பேசிய பெட்டி அது. அதன் முதன்மைக் குரல் கிளாட்டின் சொந்தக் குரலை அளவாக வைத்து ஆக்கியது. விலை சுமார் 4,000 டாலர். பல கணினிகளின் விலையைவிட அவை பேசுவதற்கான விலை அதிகம். இருந்தாலும் வழி இருந்தது. எழுத்து எழுத்தாகவே கிடந்ததால் எடுத்துப் படிக்க முடிந்தது.

1984 ஜனவரி 24 அன்று கூபர்டினோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மெக்கின்டோஷை ஒரு பையிலிருந்து வெளியே எடுத்துவைத்தார். அது தன் வாயாலேயே தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பேசவைத்தது மெக்கின்டாக் என்ற மென்பொருள். மார்க் பார்ட்டனும் ஜோசப் காட்ஸும் எழுதியது. தனி அட்டை தேவையில்லை, கணினியே குரலைக் கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். டெக்டாக்கின் விலையை அறிந்த பார்வையற்ற ஒருவருக்கு அந்தச் செய்தி எவ்வளவு நம்பிக்கை தந்திருக்கும்! ஆனால் அதே பெட்டியின் திரை அவருக்கு முற்றிலும் மூடப்பட்டிருந்தது.

மெக்கின்டோஷின் திரை 512 புள்ளி அகலம், 342 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. எழுத்து, கோடு, குப்பைத்தொட்டிப் படம் எல்லாமே அந்த 1,75,104 புள்ளிகளில் வரையப்படுபவைதான். வரைந்து முடிந்த மறுகணம் 65 என்ற எண் திரை நினைவகத்தில் எங்கும் இருக்காது. எழுத்தின் வடிவில் சில கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும். கண் அதை உடனே எழுத்தாகக் காணும். நிரலுக்கு அது எழுத்தா, படத்தின் நிழலா என்பதே தெரியாது. இதோடு இன்னொரு தடையும் சேர்ந்தது. முதல் மெக்கின்டோஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. எல்லோரும் மவுஸைப் பழக வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். திரையில் எங்கே இருக்கிறோம் என்று காணமுடியாதவர் கையில் மவுஸ் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அடுத்த ஆண்டு வந்த அமிகாவும் பேச்சை இயங்குதளத்தோடு சேர்த்தே கொடுத்தது. அதையும் எழுதியது பார்ட்டன் தரப்புதான். ‘சே’ என்ற சிறு நிரலில் எதைத் தட்டினாலும் வாசித்துக்காட்டும். குரல் இருப்பதும் திரையை வாசிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இரண்டு வீட்டுக் கணினிகளே சான்று. எதைப் பேசுவது என்று குரலுக்கு எடுத்துக்கொடுக்கும் நடுவிலுள்ள வேலைதான் கடினமானது. அந்த வேலையை வன்பொருள் செய்தவர்களும் செய்யவில்லை, இயங்குதளம் எழுதியவர்களும் செய்யவில்லை.

முதலில் சிலர் தொடுவுணர்வை நாடினார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் லின்வில் தம் பார்வையற்ற மகளுக்காக உருவாக்கிய ஆப்டகான் என்ற கருவி 1970களிலிருந்தே விற்பனையில் இருந்தது. சிறு கேமரா காணும் எழுத்தின் உருவத்தை 144 ஊசிகள் விரல்நுனியில் அதிர்ந்து காட்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் அதே வகை ஊசித் தளத்தை மவுஸோடு இணைத்துப் பார்த்தார்கள். படம் எப்படி இருக்கிறது என்று உணர இது உதவும். பக்கம் பக்கமாகப் படிக்க இது மிகவும் மெதுவானது.

ஒலியை நாடியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஆலிஸ்டர் எட்வர்ட்ஸ். அவர் மெக்கின்டோஷுக்காக சவுண்ட்டிராக் என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார். திரையைச் சில பெரிய பகுதிகளாகப் பிரித்து, மவுஸ் ஒவ்வொன்றிலும் நுழையும்போது வெவ்வேறு சுருதியில் ஒலி எழும்படி செய்தார். பொத்தானை அழுத்தினால் பகுதியின் பெயரைச் சொல்லும். பார்வையற்றோரால் மவுஸையே பயன்படுத்த முடியும் என்று அது நிறுவியது. ஆனால் சவுண்ட்டிராக்கில் எழுதத் தெரிந்தவர் வேறு எந்த மெக்கின்டோஷ் நிரலையும் தொட முடியாது. பார்வையற்றோருக்கென்று தனியாக ஒரு நிரல் என்பது அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டியவருக்கு விடையாகாது. பக்கத்து மேசைக்காரர் பயன்படுத்தும் அதே நிரல்தான் அவருக்கும் வேண்டும்.

அந்த விடை 1989இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்தது. வெஸ் பாய்டும் ஜோன் பிளேட்ஸும் தொடங்கிய பெர்க்லி சிஸ்டம்ஸை உலகம் நினைவில் வைத்திருப்பது, திரையில் டோஸ்டர்கள் சிறகடித்துப் பறக்கும் ‘ஆஃப்டர் டார்க்’ என்ற திரைக்காப்புக்காக. என்னைக் கேட்டால், அவர்களை நினைவில் வைக்க வேண்டியது அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட அவுட்ஸ்போக்கனுக்காக. வரைகலைத் திரையைப் பேச்சில் வாசித்துக்காட்டிய முதல் வணிக மென்பொருள் அதுதான்.

அதன் உத்தி, புள்ளிகளான பிறகு எழுத்தைத் தேடாமல், புள்ளியாவதற்கு முன்பே பிடித்துக்கொள்வது. மெக்கின்டோஷில் எந்த நிரல் எதை வரைய வேண்டுமானாலும் குவிக்டிரா என்ற பொது வரைவியிடம்தான் சொல்ல வேண்டும்: இந்தச் சொல்லை, இந்த எழுத்துருவில், இந்த இடத்தில் எழுது என்று. தபால்காரர் கையிலுள்ள அஞ்சலட்டையை வழியில் வாங்கிப் படித்து நகலெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பதைப்போல, அவுட்ஸ்போக்கன் அந்தக் கட்டளைகளை நடுவழியில் படித்துத் தன்னிடம் குறித்துக்கொண்டது. இப்படிக் குறித்துவைத்த சொற்களும் அவற்றின் இடங்களும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது திரை ஒன்று நினைவகத்தில் உருவாகும். பயனர் உலவுவது இந்த இரண்டாவது திரையில். மவுஸுக்குப் பதில் விசைப்பலகையின் வலப்பக்கத்து எண்பலகை. அதற்குள் ஆப்பிள் அம்புக்குறிகளையும் எண்பலகையையும் விசைப்பலகையில் சேர்த்திருந்தது. எண் விசையை அழுத்தினால் சுட்டி அடுத்த சொல்லுக்கோ அடுத்த வரிக்கோ மெனுவுக்கோ நகரும், குரல் சொல்லும்.

மெக்கின்டோஷில் ஒரு நன்மையும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். டாஸில் நிரலுக்கு ஒரு விசை முறை. ஒன்றில் கோப்பைச் சேமிக்கும் விசை இன்னொன்றில் வேறெதையோ செய்யும். மெக்கில் எல்லா நிரலுக்கும் ஒரே மெனு அமைப்பு, ஒரே கேள்விப்பெட்டி. ஒன்றைக் கற்றவர் மற்றதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். வரைகலைத் திரை தன்னளவில் பார்வையற்றோருக்குப் பகையில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. லாரன்ஸ் பாய்ட், வெஸ் பாய்ட், கிரெக் வாண்டர்ஹைடன் மூவரும் 1990இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நெருக்கடி, ஆபத்து என்ற சொற்களோடு வாய்ப்பு என்ற சொல்லும் இருந்தது. மூவரும் சரியாகவே கணித்திருந்தார்கள்.

நெருக்கடி முழு வடிவம் எடுத்தது விண்டோஸால். 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது, 1992இல் 3.1. மெக்கை வாங்காமல் இருந்துவிடலாம். அலுவலகம் முழுவதும் விண்டோஸுக்கு மாறும்போது ஒருவர் மட்டும் டாஸில் இருக்க முடியாது. பத்தாண்டு திறமையாக வேலை செய்தவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை வந்தால் தம் கணினியைப் படிக்க முடியாதவராகிவிடும் அபாயம் அது. அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்புகளின் கூட்டங்களில் அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்தது இந்த அச்சம்தான்.

விண்டோஸிலும் வழி அதே நடுவழி வாசிப்புதான். இந்த இரண்டாவது திரையை எப்படிக் கட்டுவது என்று ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஷ்வெர்ட்ஃபெகர் 1991 டிசம்பர் பைட் இதழில் விளக்கினார். ஐபிஎம் தன் ஓஎஸ்/2 இயங்குதளத்துக்காகச் செய்த திரைவாசிப்பானின் அனுபவம் அதில் இருந்தது. படிக்க எளிதாகத் தோன்றும் அந்த முறையில் எத்தனை சிக்கல்! ஒரு நிரல் சொல்லை முழுதாக வரையாது. இரண்டு எழுத்தாக, ஒரு எழுத்தாக வரையும். திரைவாசிப்பான் இடைவெளியை அளந்து சொற்களைக் கோக்க வேண்டும். இன்னொரு நிரல் திரைக்கு வெளியே ஓரிடத்தில் எல்லாவற்றையும் வரைந்து, புள்ளிகளை மொத்தமாகத் திரைக்கு நகலெடுக்கும்; அந்த நகர்வை இரண்டாவது திரையிலும் செய்யாவிட்டால் சொற்கள் காணாமல் போகும். மெனுவில் எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று எந்த நிரலும் சொல்லாது. பின்னணி நிறம் மாறியதை வைத்து ஊகிக்க வேண்டும். படம் மட்டுமே உள்ள பொத்தானுக்கு வாசிக்க எழுத்தே இல்லை. பார்வையுள்ள யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இது அச்சிடும் பொத்தான், இது சேமிக்கும் பொத்தான் என்று சொல்லச் சொல்லப் பெயர் சூட்டிவைக்க வேண்டும். நிரலின் புதிய பதிப்பு வந்தால் பாதிப் பெயர்கள் வீண்.

கனடாவின் சிந்தா-வாய்ஸ் நிறுவனம் 1992இல் விண்டோ பிரிட்ஜைக் கொண்டுவந்தது. 1995இல் இந்தியானாவின் ஜிடபிள்யு மைக்ரோ, விண்டோ-ஐஸை வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடாவிலிருந்து விண்டோஸுக்கான ஜாஸ் வந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவியது அதுவே. அதைத் தொடங்கிய டெட் ஹென்டர் முன்னாள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் பார்வையை இழந்து, பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். 1987இல் பில் ஜாய்ஸோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். ஜாஸின் பலம் அதனோடு வந்த சிறு நிரல்மொழி. ஊகம் தவறும் ஒவ்வொரு நிரலுக்கும், இந்த விண்டோவில் இதைப் படி, அந்த மூலையை விடு என்று பயனரே எழுதிச் சேர்க்கலாம். எழுதியவர்களில் பலர் பார்வையற்றவர்களே. தங்கள் வேலையைத் தக்கவைத்துக்கொள்ள, வேலை நேரம் போக மீதி நேரத்தில், பெரும் நிறுவனங்கள் விட்ட ஓட்டையை அவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

விண்டோஸில் ஒரு விஷயம் மெக்கைவிட நன்றாக அமைந்திருந்தது: மவுஸ் இல்லாமல், ஆல்ட் விசையும் டேப் விசையும் அடிக்கோடிட்ட எழுத்துகளும் கொண்டு பெரும்பாலான வேலையை முடிக்கலாம். அந்த ஏற்பாட்டைப் பார்வையற்றோரை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை. மவுஸ் இல்லாத கணினிகள் அப்போது நிறைய இருந்தன. இருந்தும் அதுவே பார்வையற்றோருக்குப் பெரும் துணையானது.

இங்கே ஆய்வாளர்களுக்குள் எழுந்த ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பார்வையற்ற பயனருக்குத் தேவை திரையின் தோற்றமா, அதன் பொருளா? ஐரோப்பாவில் நடந்த கைப் என்ற திட்டம் எது எங்கே இருக்கிறது என்ற இட உணர்வைக் காக்க முயன்றது. சக ஊழியர் ‘வலப்பக்கம் மேலே இருக்கும் பொத்தான்’ என்று சொன்னால் புரிய வேண்டாமா என்பது அவர்கள் வாதம். ஜார்ஜியா டெக்கில் எலிசபெத் மைனட்டும் கீத் எட்வர்ட்ஸும் செய்த மெர்க்கேட்டர் அதற்கு மாறானது. திரையின் அமைப்பை இடம், வலம் என்று பார்க்காமல், விண்டோவுக்குள் பட்டியல், பட்டியலுக்குள் உறுப்பு என்று கிளைகளாகப் பிரித்தார்கள். விண்டோவைத் தொட்டால் கண்ணாடியைத் தட்டும் ஓசை, எழுதும் கட்டத்துக்கு வந்தால் தட்டச்சு ஓசை. என் தீர்ப்பு மெர்க்கேட்டர் பக்கம். இடம் தெரிவது நல்லதுதான், ஆனால் பார்வையுள்ளவர்கூடத் திரையில் தேடுவது இடத்தை அல்ல. பொத்தானை, பட்டியலை, கேள்வியை. பேச்சு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அதில் முதலில் வர வேண்டியது பெயர், வகை, நிலை. இடம் அதற்குப் பிறகு.

புனேயில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த டி. வி. ராமன் இன்னும் ஒரு படி போனார். அவரும் பார்வையற்றவர். 1995இல் அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் திரையை வாசிப்பதையே கைவிட்டது. நிரலே தன் உள்ளடக்கத்தைப் பேச வேண்டும் என்றது. நாட்காட்டியைத் திரைவாசிப்பான் எண்களின் வரிசையாக வாசிக்கும். ஈமேக்ஸ்பீக் கிழமை, தேதி, மாதம் என்று சொல்லும், ஏனென்றால் அது வாசிப்பது படத்தை அல்ல, தேதியை. கொள்கையளவில் இதுவே மிகச் சரியான விடை. ஆனால் அலுவலகங்கள் ஓடியது வேர்டிலும் எக்செலிலும். அவற்றைப் பேசவைக்கும் சாவி அவற்றைச் செய்தவர்களிடம்தான் இருந்தது.

அவர்களை அசைத்தது அரசின் பணம். பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்த முடியாத விண்டோஸ் 95ஐ வாங்கமாட்டோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் எச்சரித்தது. அதன் பிறகே மைக்ரோசாஃப்ட் வேகம் பிடித்தது. 1997இல் வந்த ஆக்டிவ் அக்சஸிபிலிட்டி, திரையிலுள்ள ஒவ்வொரு பொருளிடமும் உன் பெயர் என்ன, நீ பொத்தானா பட்டியலா, தேர்வாகியிருக்கிறாயா என்று கேட்க ஒரு பொது வாசலைத் திறந்தது. நிறத்தை வைத்து ஊகிக்கும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. ஆனால் அதே ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அந்த வாசல் இல்லாமலே வந்தது. பார்வையற்றோர் கொதித்தெழுந்தார்கள், அடுத்து வந்த 4.01இல் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு பதிப்பில் கிடைத்த உரிமை மறுபதிப்பில் மறைந்துபோகலாம் என்ற அந்தப் பாடம் ஆப்பிளிடமும் மெய்யாயிற்று. பெர்க்லி சிஸ்டம்ஸிடமிருந்து ஆல்வா நிறுவனத்துக்குக் கைமாறிய அவுட்ஸ்போக்கன், 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸுக்கு மாற்றி எழுதப்படவே இல்லை. வரைகலைத் திரை முதன்முதலில் பேசிய கணினி, அதன் புதிய பதிப்பில் நான்கு ஆண்டு ஊமையாக இருந்தது. 2005 ஏப்ரலில் வாய்ஸ்ஓவரை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துக் கூடுதல் விலையில்லாமல் கொடுத்தபோதுதான் ஆப்பிள் தன் கடனைத் தீர்த்தது.

இத்தனை ஆண்டும் விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் மனம் கசக்கிறது. ஜாஸ் கிட்டத்தட்ட ஆயிரம் டாலராக இருந்தது. 1990களின் இறுதியில் திரைவாசிப்பானோடு சேர்ந்தே மென்பொருள் குரல் வரும்வரை பேச்சுக் கருவிக்கும் தனிப்பணம். பணக்கார நாட்டில் மறுவாழ்வுத் துறையோ முதலாளியோ கட்டினார்கள். நம் ஊர்களில் வாங்கியவர் குறைவு, இல்லாமல் இருந்தவரும் கள்ளப்பிரதியில் படித்தவரும் அதிகம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பார்வையுள்ளவர் திரையைப் பார்க்கத் தனியாகப் பணம் கட்டியதில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ இந்தக் கணக்கை மாற்றியது. அது விலையற்றது, நிரலும் திறந்தது. மைக்ரோசாஃப்ட் திறந்துவைத்த பொது வாசல் ஏற்கெனவே இருந்ததால்தான் சிலர் மட்டும் சேர்ந்து அப்படியொரு வாசிப்பானை எழுத முடிந்தது.

என்விடிஏவோடு வந்த குரலான ஈஸ்பீக் தமிழும் பேசும். அதன் மூலம் 1995இல் ஜோனதன் டடிங்டன், பிரிட்டனின் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதிய ஒரு சிறு பேச்சு நிரல். ஏகார்னும் மவுஸும் விண்டோவும் கொண்ட வீட்டுக் கணினிதான். சில மெகாபைட்டுக்குள் அடங்கும் அந்தக் குரலை முதல்முறை கேட்பவர்கள் இயந்திரத்தனமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். நாள் முழுதும் கேட்பவர்களுக்கு இனிமையைவிட வேகம் முக்கியம். வழக்கமான பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் இந்த வகைக் குரலில் மெய்யெழுத்துகள் தெளிவாக நிற்கும்.

ஆனால் குரல் தமிழ் பேசினால் போதாது. அதற்குக் கொடுக்கும் கோப்பில் தமிழ் இருக்க வேண்டும். யூனிகோடின் முதல் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நம் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தன. அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தமிழ் என்பது எழுத்துரு காட்டும் தோற்றம் மட்டும். திரைவாசிப்பான் அதைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில உளறல் கேட்கும். 1984இன் மெக்கின்டோஷ் திரைபோலவே, கண்ணுக்கு எழுத்து, நிரலுக்கு வெறும் வடிவம். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய பாடக்குறிப்புகளும் நூல்களும் சுற்றறிக்கைகளும் பெருமளவில் பழைய எழுத்துருவிலோ, தாளை அப்படியே படமெடுத்த பிடிஎஃப்பாகவோ கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வேண்டிய பார்வையற்ற மாணவர் முதலில் எது எந்த எழுத்துரு என்று யாரையாவது கேட்டறிந்து மாற்றியில் போடுகிறார். படமென்றால் எழுத்துணரியில் ஏற்றுகிறார். ‘ள’வும் ‘ன’வும் இடம்மாறிக் கிடப்பதைக் கேட்டுக் கேட்டுத் திருத்துகிறார். வகுப்பில் மற்றவர்கள் பாடத்தை முடித்து எழும் நேரத்தில் அவர் முதல் பத்தியைக் கேட்கத் தொடங்குகிறார்.